மல்லாட்டைக் கொல்லைக் காவலுக்கு ரிவால்வரா? எத்தனை அங்குலக் குழல் நல்லது?

கேள்வி: "செங்கம் வட்டத்தில் மலையடிவாரத்தில் இரண்டரை ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. மல்லாட்டை போட்டு, ஊடுபயிராகத் துவரை விட்டிருக்கிறோம். காய் பிடித்த நாளிலிருந்து காட்டுப்பன்றி கூட்டமாக வருகிறது. ஒரே ராத்திரியில் பத்து சென்ட் அளவுக்குக் கிளறிப் போட்டுவிட்டது. நானும் என் மனைவியும் கொட்டகையில் படுத்து, தகரம் தட்டிக் காவல் இருக்கிறோம். போன வாரம் பன்றி ஒன்று டார்ச் வெளிச்சத்துக்கு நேராகவே ஓடி வந்தது. பயமாகிவிட்டது. ரிவால்வர் ஒன்று உரிமத்தோடு வாங்கலாம் என்று இருக்கிறேன். 2 அங்குலக் குழல் போதும், இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் சம்பந்தி. மைத்துனர், 6 அங்குலம் இருந்தால்தான் குறி தப்பாது என்கிறார். எது வாங்குவது? நகையை அடகு வைத்துத்தான் வாங்க வேண்டும்."

- செங்கம் வட்ட வாசகர்

பதில்: கேட்டது குழலின் நீளம் பற்றி. அதற்கு நேரான பதில் உண்டு. ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் நகை அடகுக்குப் போகும், பன்றி திரும்பவும் வரும். அதனால் குழல் நீளத்தில் தொடங்கி, சட்டத்தைப் பார்த்து, கடைசியில் கொல்லைக்கே வருவது நல்லது.

குழல் நீளம் என்ன செய்கிறது?

தோட்டாவில் உள்ள மருந்து எரிந்து வரும் வாயு, குண்டைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. குழல் நீளமாக இருந்தால் தள்ளும் தூரம் கூடும், குண்டின் வேகமும் கூடும். ரிவால்வரில் குழல் ஓர் அங்குலம் கூடினால், தோட்டாவின் ரகத்தைப் பொறுத்து, நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகம் ஏறும். குழல் குட்டையானால் வேகம் குறையும். வாயில் தெறிக்கும் தீயும் சத்தமும் மட்டும் கூடும். இருட்டில் அந்த வெளிச்சம் சுட்டவர் கண்ணையே கூசச் செய்யும்.

இரண்டாவது விஷயம் குறி. குழலின் முனையில் ஒரு முன்குறி, பின்னால் ஒரு பின்குறி. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ, குறிபார்ப்பதில் வரும் தவறு அவ்வளவு குறைவு. கணக்கு எளிது. 3 அங்குலக் குழல் ரிவால்வரில் இந்த இடைவெளி ஏறக்குறைய 10 செ.மீ. கை நடுங்கி முன்குறி 1 மி.மீ. விலகினாலும், 25 மீட்டர் தூரத்தில் குண்டு 25 செ.மீ. தள்ளிப் போய் விழும். தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கியில் இடைவெளி அரை மீட்டருக்கு மேல் இருக்கும். அதே 1 மி.மீ. தவறுக்கு அங்கே விலகல் 5 செ.மீ.க்குள் அடங்கும். கையில் ஏந்திச் சுடுவதற்கும் தோளில் அணைத்துச் சுடுவதற்கும் உள்ள வேறுபாடு இதற்கு மேல்.

ஆக, வெளிவேலைக்கு ரிவால்வர் வைத்துக்கொள்ளும் நாடுகளில் இப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள்: 2 அங்குலம் சட்டைப்பையில் மறைத்து வைக்க, 6 அங்குலமும் அதற்கு மேலும் வேட்டைக்கு, 4 அங்குலம் இரண்டுக்கும் நடுவில் பொதுவாக. சம்பந்தி சொன்னது தூக்கிச் செல்லும் வசதிக்குச் சரி. மைத்துனர் சொன்னது குறிக்குச் சரி. ஆனால் அமெரிக்காவில் 6 அங்குலக் குழலோடு பன்றி வேட்டைக்குப் போகிறவர் வைத்திருப்பது .44 மேக்னம் போன்ற கனமான தோட்டா. செங்கத்து உழவருக்குக் கிடைக்கப்போவது அது இல்லை.

இங்கே கிடைப்பது எது?

நம் நாட்டில் .38, 9 மி.மீ. போன்ற ரகங்கள் பொதுமக்களுக்குச் சாதாரணமாகக் கிடையாது. உரிமத்தோடு வாங்கக்கூடியதில் பரவலானது .32 ரிவால்வர். கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலைகள் இதைச் செய்கின்றன. 2014இல் வெளிவந்த 'நிர்பீக்' ரிவால்வர் 500 கிராம் எடைதான். பெண்களின் கைப்பையில் வைக்கும் அளவுக்குச் செய்தது. அப்போதே விலை 1.22 லட்சம் ரூபாய். 2023இல் 'பிரபல்' என்று இன்னொன்று வந்தது. இந்த .32 ரிவால்வர்களில் பரவலாகக் காண்பது 3 அங்குலக் குழல், அதாவது 76 மி.மீ. எனவே 2 அங்குலமா 6 அங்குலமா என்று பேசினாலும், கடையில் பெரும்பாலும் கைக்கு வருவது 3 அங்குலம்தான்.

அந்த 3 அங்குலக் குழலிலிருந்து போகும் .32 குண்டின் எடை 6 கிராம் சொச்சம். வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பகுதியில் தோலுக்கு அடியில் குருத்தெலும்பு போன்ற கெட்டியான படலம் இருக்கும். ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று சண்டையிடும்போது கோரைப்பல் குத்தாமல் காப்பது அதுதான். அந்தக் குண்டு அங்கே பட்டால் பன்றி விழுவதை விட, காயத்தோடு திரும்பிப் பாய்வதற்கே வாய்ப்பு அதிகம். காயம்பட்ட பன்றியை விட ஆபத்தானது கொல்லையில் வேறு இல்லை. ஒப்புக்குச் சொன்னால், 12 போர் துப்பாக்கியில் ஒரு தோட்டாவில் போகும் ஈயம் சுமார் 28 கிராம். அதன் தாக்கு .32 குண்டைப் போல் பத்து மடங்குக்கும் மேல்.

ரிவால்வர் என்பது மனிதனுக்கு எதிராக மனிதன், சில அடி தூரத்தில், வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கருவி. குழலை நீட்டினாலும் குறைத்தாலும் அது பயிர்க் காவல் கருவி ஆகாது.

சட்டம் சொல்லும் 20 அங்குலம்

குழல் நீளத்தைப் பற்றி 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே பேசுகிறது. அதன் 13ஆம் பிரிவு, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கும் குடிமகனைத் தனியாக வைத்துப் பேசுகிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கியையும் அதே இடத்தில் சொல்கிறது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தோன்றினால், பயிர்க் காவலுக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம்.

இந்தப் பிரிவில் ரிவால்வர் இல்லை. காரணம் எளிது. நீளத் துப்பாக்கியை மறைக்க முடியாது. தோளில் போட்டுக்கொண்டு போனால் ஊரே பார்க்கும். ரிவால்வர் வேட்டி மடிப்பில் மறையும். எனவே ரிவால்வருக்கு உரிமம் கேட்டால், உயிருக்கு அச்சுறுத்தல் உண்டா, அது எப்படிப்பட்டது என்று காவல்துறை அறிக்கையில் பார்ப்பார்கள். 'பன்றித் தொல்லை' என்று எழுதி ரிவால்வர் கேட்டால் மனு நிற்பது கடினம்.

இதோடு இன்னொன்று. உரிமத்தோடு வாங்கிய நீளத் துப்பாக்கியை, தூக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பட்டறையில் கொடுத்துக் குழலை அறுப்பது 6ஆம் பிரிவின்படி தடை. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை.

விண்ணப்பிக்கிறவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு. திருவண்ணாமலை மாவட்டத்தார் வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். காவல்துறை விசாரணை நடக்கும். உரிமம் கிடைத்தால் 5 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அது மல்லாட்டை காய் பிடிக்கும் மாதமாக இருந்தாலும் ஒப்படைக்கத்தான் வேண்டும்.

உரிமம் வேறு, சுட அனுமதி வேறு

பலரும் தடுமாறும் இடம் இது. துப்பாக்கி உரிமம் என்பது துப்பாக்கியை வைத்திருக்க. பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம் 11ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் அளித்த அலுவலருக்கும்தான். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. செத்த பன்றி அரசின் சொத்து. கறி பங்கு போட்டால் பங்கு வாங்கியவரும் வழக்கில் சேர்வார்.

பாய்ந்து வரும் விலங்கிடமிருந்து தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு தாக்குவது குற்றம் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவர் வேறு எந்த வன உயிரினக் குற்றமும் செய்துகொண்டிருக்கக் கூடாது. அனுமதியில்லாமல் வேட்டைக்குப் போன இடத்தில் பன்றி பாய்ந்தது என்று சொன்னால் எடுபடாது.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் சுடலாம், ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள், உழவர் அல்ல. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி தந்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் சுடுகிறார்கள். அந்த வீடியோக்களைக் கைபேசியில் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை.

கேள்வி கேட்டவர் கொல்லை மலையடிவாரத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலை அடிவாரமோ, கவுத்தி மலை, வேடியப்பன் மலைப் பக்கமோ, எதுவானாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காப்புக்காட்டு எல்லைக் கல்லிலிருந்து கொல்லை எவ்வளவு தூரம் என்பது. 1 கி.மீ.க்குள் என்றால் துப்பாக்கிப் பேச்சே அங்கு முடிந்துவிடுகிறது.

கொட்டகையில் துப்பாக்கி இருந்தால்

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு ராத்திரியை நினைத்துப் பார்க்கலாம். அமாவாசை இருட்டு. இந்தக் கொல்லையில் கணவன், மனைவி. அடுத்த கொல்லையிலும் காவல் ஆள். மோட்டார் கொட்டகைக்கு மின்சாரம் வந்ததா என்று பார்க்க ஒருவர் வரப்பில் வருகிறார். துவரைச் செடி அசைகிறது. பன்றியா, ஆளா என்று தெரியாது. ரிவால்வர் குண்டு குறி தப்பினால் அங்கேயே விழுந்துவிடாது. ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகக்கூடியது. பின்னால் மண்மேடு இல்லாத திறந்த கொல்லையில் அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் 14 கி.மீ. கிரிவலம் நடக்கும் திருவண்ணாமலையைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாக நினைக்க வேண்டும்.

பகலில் அந்த ரிவால்வர் எங்கே இருக்கும் என்பதும் கேள்வி. தாழ்ப்பாள் இல்லாத கொட்டகையில் வைக்க முடியாது. வீட்டில் பூட்டி வைத்தால் சாவி யாரிடம்? பங்காளித் தகராறு, குடிப்பழக்கம், பரீட்சையில் தோற்ற பிள்ளை, கடன்காரர் வந்து திட்டிவிட்டுப் போன ராத்திரி - இவையெல்லாம் எந்த வீட்டுக்கும் வரும். கைக்கெட்டும் தூரத்தில் ரிவால்வர் இருக்கும் வீட்டில் அந்த நேரம் எப்படி முடியும் என்று சொல்ல முடியாது. பன்றி வருவது ஆண்டில் சில வாரம். ரிவால்வர் வீட்டில் இருப்பது ஆண்டு முழுவதும்.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி

'உரிமத்துக்கு அலைவதற்குப் பதில் மலையில் சொல்லி ஒன்று வாங்கிக்கொள்' என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. செய்து கொடுப்பவருக்கு அதை விடக் கூடுதல். அது போக, அளவில்லாமல் மருந்து கெட்டித்துக் குழல் வெடித்தால் போவது சுட்டவரின் விரலும் கண்ணும். அவுட்டுக்காய் வைப்பதும் அப்படித்தான். பன்றிக்கு வைத்ததை மாடு கடித்து வாய் கிழிந்த கதைகள் மலையடிவாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மின்கம்பத்துக் கரண்டை நேராக வேலிக் கம்பியில் விடுவது இவற்றிலெல்லாம் கொடியது. சொந்த வீட்டு ஆளே அதில் மாட்டி இறக்கிறார்கள். அடுத்தவர் இறந்தால் கொலைக்கு நிகரான வழக்கு வரும்.

நகை அடகுக்குப் போகாமல் என்ன செய்யலாம்?

மல்லாட்டை 105 முதல் 110 நாள் பயிர். பன்றி தோண்டுவது காய் பிடிக்கத் தொடங்கும் 60ஆம் நாளுக்குப் பிறகு. ஆக, கடுமையான காவல் தேவைப்படுவது 45 நாள். அந்த 45 நாளைக் குறிவைத்துத் திட்டமிட்டால் செலவும் குறையும், தூக்கமும் மிச்சமாகும்.

1. விதைக்கும்போதே கொல்லையைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கு நெருக்கமாக ஊன்ற வேண்டும். மல்லாட்டை காய் பிடிக்கும்போது ஆமணக்கு ஆளுயரம் வந்துவிடும். பன்றி மோப்பத்தை நம்பும் விலங்கு. ஆமணக்கு வாடை மல்லாட்டை வாசனையை மறைக்கும். அது ஆமணக்கைத் தின்பதும் இல்லை. கொட்டையும் விலைக்குப் போகும்.

2. சூரிய சக்தி வேலி. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கருவி, நொடிக்கு ஒருமுறை துடிப்பாக அதிர்ச்சி தரும். சுண்டி இழுக்கும், உயிரை எடுக்காது. பன்றிக்கு என்றால் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும், புல் படாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உயரத்தில் ஒரு கம்பி மட்டும் கட்டினால் பன்றி அடியில் நுழைந்துவிடும். தரக்குறியீடு உள்ள கருவியைத்தான் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023இல் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தனி விதிகள் வந்திருக்கின்றன. காட்டை ஒட்டிய கொல்லை என்றால் வேலி போடும் முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற வேண்டும். மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் சிட்டா, அடங்கலோடு போய்க் கேட்கலாம்.

3. அக்கம்பக்கத்து நான்கைந்து கொல்லைக்காரர்கள் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டால் கம்பிச் செலவு பாதியாகும். தனித்தனியாக வேலி போட்டால் பன்றி வேலி இல்லாத கொல்லைக்குப் போகும், பிறகு ஊரில் சண்டை வரும். காவலையும் முறை வைத்துக்கொள்ளலாம். கணவன் மனைவி இருவர் மட்டும் 45 ராத்திரி கண்விழிப்பது முடியாத காரியம்.

4. காவலுக்குப் போகிறவர் தரையில் படுக்காமல் பரணில் இருக்க வேண்டும். பரண் இல்லாவிட்டால் டிராக்டர் டிரெய்லராவது வேண்டும். டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு பன்றிக்கு எதிரே நடக்கக் கூடாது. போன வாரம் நடந்ததுபோல் வெளிச்சம் வந்த திசையிலேயே அது ஓடி வரலாம். உயரத்தில் இருந்து வெளிச்சம் அடித்தால் ஆள் தப்பிக்கலாம்.

5. சேதம் ஆன மறுநாளே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. கிளறிய இடத்தைச் சமன்செய்து உழுதுவிட்டால் ஆய்வுக்கு வருபவருக்குக் காட்ட எதுவும் இருக்காது. கொல்லை காட்டிலிருந்து 1 கி.மீ.க்கு அப்பால் என்றால், கூண்டு வைக்கவும், 3 கி.மீ.க்கு அப்பால் என்றால் சுடவும் கேட்கும் மனுவை ஊரார் சேர்ந்து கொடுப்பது நல்லது. ஒரு கையெழுத்தை விட இருபது கையெழுத்துக்கு வேகம் அதிகம்.

சம்பந்திக்கும் மைத்துனருக்கும் சொல்ல வேண்டிய பதில்: 2 அங்குலமும் வேண்டாம், 6 அங்குலமும் வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் இருந்து ஆட்சியரே உரிமம் தந்தால் அது வேறு விஷயம். பன்றிக்கு அது மருந்து அல்ல.

இதே பொருளில் வந்த இன்னும் இரண்டு கேள்விகள்

கேள்வி: "தாத்தா உரிமத்தோடு பயிர்க் காவலுக்கு வைத்திருந்த கெட்டிப்புத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. அவர் போய் ஆறு மாதம் ஆகிறது. வைத்துக்கொள்ளலாமா?"

- போளூர் வட்ட வாசகர்

பதில்: கூடாது. தாத்தாவின் உரிமம் தாத்தாவோடு முடிந்தது. வாரிசுகள் அதைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு, தேவை என்றால் வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மருந்து கெட்டித்தபடியே கிடக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால் தொடாமல், காவல் நிலையத்தில் சொல்லி எடுத்துப்போகச் சொல்வதே பாதுகாப்பு.

கேள்வி: "ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்கிறார்கள். மயிலையும் பன்றியையும் விரட்ட வாங்கலாமா?"

- தண்டராம்பட்டு வட்ட வாசகர்

பதில்: .177 அதாவது 4.5 மி.மீ. அளவைத் தாண்டாமல், விசை 20 ஜூலுக்கு மிகாமல் இருக்கும் ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். அதற்கு மேல் என்றால் வேண்டும். ஆனால் மயில் 1ஆம் அட்டவணையில் உள்ள தேசியப் பறவை. ஏர்கன் ரவை பட்டுச் செத்தாலும் வழக்கு மிகக் கடுமையானது. பன்றியை அந்த ரவை ஒன்றும் செய்யாது, கோபப்படுத்தும், அவ்வளவுதான். மயிலுக்கு விதைப்பு நாளிலிருந்து முளை விடும் வரை பளபளக்கும் ஒலிநாடா கட்டி ஆள் காவல் வைப்பது போதும்.